மேலிருந்து மூன்றாவது பொத்தான்

கோத்தகிரியில் ஒரு பேக்கரியின் மாடியில் சலோமி என்பவர் கம்பளிப் பின்னல் சொல்லிக்கொடுத்து வந்தார். அவர் பின்னுவதெல்லாம் பழைய மோஸ்தர்கள். எழுபது, எண்பது வருஷத்துக்கு முந்தைய பேட்டர்ன் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் படத்தில் நிற்கிறவர் போட்டிருப்பதை ஒரு கண்ணி பிசகாமல் பின்னுவார். அவருக்கு வயது நாற்பது. படிக்க வந்தவர்களில் பலர் அவரைவிட மூத்தவர்கள். அவர்கள் அவரை டீச்சர் என்றார்கள். அவர் அவர்களை அக்கா என்றும் அண்ணன் என்றும் கூப்பிட்டார். நீளமாகப் பதில் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

படிக்க வந்தவர்களில் அம்சவேணிக்கு அறுபத்து நான்கு வயது. அவர் அதிகம் பேசமாட்டார். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் ஊசியில் இருக்கும் கண்ணிகளை உதடு அசையாமல் எண்ணுவார். சரியாக இருந்தால்தான் ஊசியைத் திருப்புவார்.

ஒரு மழைநாளில் அம்சவேணி படியேறி வந்து, கையிலிருந்த பொட்டலத்தை மேஜைமேல் போட்டார். வைக்கவில்லை, போட்டார்.

ஜன்னலோரம் தேவநேசன் உட்கார்ந்திருந்தார். மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி திட்டுகிற திட்டு காதில் விழக்கூடாது என்பதற்காகப் பின்னக் கற்றுக்கொண்டதாகச் சொல்வார்.

"அக்காவுக்கு இன்னிக்கு பிரேக் பிடிக்கலை போலிருக்கு" என்றார்.

அம்சவேணி அவரைப் பார்க்கவில்லை.

"மிஷின்ல போட்டதாம்" என்றார் சலோமியிடம்.

"எது?"

"இது."

சலோமி பொட்டலத்தைப் பிரித்தார். சாம்பலும் நீலமும் கலந்த மெல்லிய கம்பளியில் ஒரு பெண்கள் ஸ்வெட்டர். தோளில் சிறிய உப்பல், இடுப்பில் இறுக்கிப் பிடிக்கும் பட்டை, கழுத்துவரை வரிசையாகப் பொத்தான். ஒரு அங்குல அகலத்துக்கு எட்டுக் கண்ணி விழும் பின்னல் அது. இந்தக் காலத்துக் கைப்பின்னலில் ஐந்து விழுந்தால் அதிகம். அம்சவேணி குளிர்காலம் முழுக்க அதற்காக உட்கார்ந்திருந்தார்.

"யார் சொன்னது?"

"மதுமிதா."

மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் மதுமிதா ஒரு கடை வைத்திருந்தாள். பழைய மோஸ்தரில் கையால் பின்னியவை மட்டுமே அங்கே விற்பாள். ஒவ்வொரு உடுப்பிலும் பின்னியவர் பெயரை ஒரு சிறிய அட்டையில் எழுதிக் குத்திவைப்பாள். அந்த அட்டைதான் கடையின் பெருமை.

"யாரோ ஒரு அம்மா வந்து தொட்டுப் பார்த்துட்டு, இது கையால போட்டதில்லைன்னு சொன்னாங்களாம். இவளும் ஆமான்னுட்டா. இவ்வளவு ஒழுங்கா கையால வராது ஆன்ட்டின்னு என்கிட்டயே சொல்றா. மிஷின்ல போட்டுக் கைப்பின்னல்னு தொங்கவிட்டா கடைக்குக் கெட்ட பேராம். கடைக்கு."

அம்சவேணி கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் 'கையால் பின்னியவர்: அம்சவேணி' என்று எழுதியிருந்தது. மூலையில் ஊசி குத்திய ஓட்டை.

"கழட்டிக் கையில குடுத்துட்டா. திருடின சாமானைத் திருப்பிக் குடுக்கிற மாதிரி."

சலோமி ஸ்வெட்டரை உள்பக்கம் திருப்பினார். தையல்களைப் பார்த்தார். நூல் முனைகள் உள்ளே புதைந்திருக்கும் இடங்களை விரலால் தடவினார்.

"உள்பக்கம் திருப்பிப் பார்த்தாங்களா?"

"வெளிப்பக்கமே சரியா பார்க்கலை. ரெண்டு விரலால தொட்டா, ஆச்சு. அண்ணன்கிட்ட கேளுங்க, அவர் சட்டையை எங்க மாட்டியிருக்கான்னு."

தேவநேசன் ஊசியைக் கீழே வைத்தார். அவர் போன மாதம் ஒரு கையில்லாத சட்டை பின்னிக் கொடுத்திருந்தார்.

"கண்ணாடி ஜன்னல்ல மாட்டியிருக்கு" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு. "அதுல ஒரு அக்குள் பெருசு, ஒரு அக்குள் சிறுசு. மார்ல ரெண்டு இடத்துல கண்ணி விட்டுப்போச்சு. என்ன உயிர்ப்புன்னு சொல்லிச்சு அந்தப் பொண்ணு. நான் தலையாட்டிட்டு வந்துட்டேன்."

"தலையாட்டுவீங்க."

"வேற என்னக்கா பண்ண? ஓவர்டேக் பண்ண வழி விட்டா போகவேண்டியதுதான்."

அம்சவேணி நாற்காலியில் உட்கார்ந்தார்.  

"இன்னும் கேளுங்க டீச்சர். போகும்போது கூப்பிட்டுச் சொல்றா, ஒரே ஒரு தப்பு விட்டுக் குடுங்க ஆன்ட்டி, முன்பக்கம், தெரியற மாதிரி, நான் மாட்டிடறேன்னு. நான் ஏமாத்துக்காரி இல்லைன்னு காட்ட, நான் ஏமாத்தணுமாம்."

கீழே பேக்கரியில் தட்டுகளை இழுக்கும் சத்தம் கேட்டது. சூடான வர்க்கி பிஸ்கட்டின் வாசனை மேலே வந்தது.

"போடலாமா டீச்சர்?"

வேண்டாம் என்ற பதிலைக் கேட்கத்தான் அவர் மழையில் ஏறி வந்திருந்தார். அந்தப் பதில் வந்ததும் எழுந்துபோய் மதுமிதாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதைக்கூட வழியிலேயே யோசித்து வைத்திருந்தார்.

"போடுங்க" என்றார் சலோமி.

அம்சவேணி நிமிர்ந்தார்.

"போடவா?"

"போடுங்க அக்கா."

"எங்க போட?"

"எனக்கும் தெரியலை. போட்டுட்டுச் சொல்லுங்க."

அம்சவேணி ஸ்வெட்டரைச் சுருட்டினார். அட்டையை எடுத்துக்கொண்டார். படியிறங்கும்போது குடையை விரிக்க மறந்தார். மதுமிதாமேல் இருந்த கோபத்தில் பாதி இப்போது டீச்சர்மேல் இருந்தது.

வீட்டில் அவர் இடது முன்பாதியை மட்டும் கழற்றினார். தோள் தையலையும் பக்கத் தையலையும் சட்டைக்கை சேர்த்த தையலையும் பிரித்து, கழுத்துப்பட்டையைத் தளர்த்தி, அந்தப் பாதியை அக்குளுக்குக் கீழே வரை உருவினார். சுருள்சுருளாக வந்த நூலை நனைத்து, கனம் கட்டித் தொங்கவிட்டு, நேராக்கினார். பிறகு ஊசியில் ஏற்றினார்.

பேட்டர்ன் தாளில் வலது பாதிக்குத்தான் விளக்கம் இருந்தது. இடது பாதிக்கு ஒரே வரிதான். 'இதையும் அதே போல், சரிவுகளை மட்டும் திசை மாற்றிப் பின்னவும்.' அம்சவேணிக்கு அது மனப்பாடம். அக்குள் வரும்போது இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். வலது பாதியில் அது ஒரு பக்கம் சாயும், இடது பாதியில் மறுபக்கம் சாய வேண்டும். அப்படிச் சாய்ந்தால்தான் சட்டைக்கையை வைத்துத் தைத்த பிறகு இரண்டு அக்குளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும்.

பின்னிக்கொண்டே யோசித்தார். எங்கே போடுவது?

அக்குளுக்கு அடியில் போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். பார்க்காவிட்டால் அது எதற்கு? இடுப்புப் பட்டையில் போட்டால் அசட்டை என்பார்கள். தோளில் போட்டால் உப்பல் கெடும். மதுமிதா எங்கே முதலில் பார்ப்பாள்? அவள் விரல் எங்கே போகும்? ஒரு பிழைக்கு இவ்வளவு யோசனையா என்று நினைத்தபோது அவருக்கு மறுபடி கோபம் வந்தது. கோபத்திலேயே நாலைந்து வரிசை ஓடியது.

கடைசியில் இடம் கிடைத்தது. மேலிருந்து மூன்றாவது பொத்தானுக்குப் பக்கத்தில். ஒரு பெண்ணின் எதிரில் நின்று பேசுகிறவர்கள் முகத்திலிருந்து கண்ணை இறக்கினால் அங்கேதான் இறக்குவார்கள்.

முன்பக்கம் வழவழப்பாக வரும் கண்ணியை வகுப்பில் நிட் என்பார்கள். மேடு தட்டி நிற்கும் கண்ணி பர்ல். வழவழப்பான இடத்தில் ஒரே ஒரு பர்ல் விழுந்தால் கன்னத்தில் மரு முளைத்தது போல இருக்கும். அம்சவேணி அந்த இடத்துக்கு வந்தார். நூலை ஊசிக்கு முன்னால் கொண்டுவர வேண்டும். கை கொண்டுவரவில்லை. நிட் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டது. பின்னால் வந்து அந்தக் கண்ணியை அவிழ்த்தார். மறுபடி போட்டார். மறுபடியும் நிட்தான் விழுந்தது.

"பிடிவாதம் பார்" என்று தன் கையைப் பார்த்துச் சொன்னார்.

மூன்றாம் முறை, இடது கையால் நூலைப் பிடித்து இழுத்து, வலது கையை அதட்டுவதைப் போல அந்த ஒரு கண்ணியைப் போட்டார். விழுந்தது. வரிசை முடிந்ததும் எண்ணினார். கணக்கு சரியாக இருந்தது. பர்ல் விழுந்தால் எண்ணிக்கை மாறாது.

தைத்து முடித்து, நேராகக் கடைக்குப் போனார். டீச்சரிடம் காட்டவில்லை.

மதுமிதா ஸ்வெட்டரை வெளிச்சத்தில் பிடித்தாள். அம்சவேணி எதிர்பார்த்தபடியே அவள் கண் இறங்கியது. விரல் அந்த மேட்டில் நின்றது. அவள் முகம் மலர்ந்தது.

"ஆன்ட்டி, இதுதான். இதைத்தான் கேட்டேன்."

கடையில் உடுப்பு பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டாள்.

"இங்க தொட்டுப் பாருங்க மேடம். இந்த ஒரு கண்ணி. இதுதான் மனுஷக் கை."

அந்தப் பெண் தொட்டாள். கண்ணை மூடித் தொட்டாள். "ஆமா" என்றாள், கோயிலில் பேசுவது போலத் தணிந்த குரலில்.

அம்சவேணி நின்றிருந்தார். உப்பல் வைத்த தோளை யாரும் பார்க்கவில்லை. இடுப்புப் பட்டையிலிருந்து மார்புக்கு விரியும்போது கண்ணி கூட்டிய இடம் தெரியாமல் கூட்டியிருந்தார். அதை யாரும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் மாறி மாறி அந்த ஒன்றையே தடவினார்கள்.

"அட்டை கொண்டுவந்தீங்களா ஆன்ட்டி?"

கொடுத்தார். மதுமிதா அதை எங்கே குத்தலாம் என்று பார்த்தாள். வழக்கமாகக் காலர் ஓரத்தில் குத்துவாள். இந்த முறை மூன்றாவது பொத்தானுக்குப் பக்கத்தில், அந்த மேட்டுக்கு மேலேயே குத்தினாள். வாங்க வருகிறவர்கள் பெயரைப் படித்ததும் கீழே கண்ணியைப் பார்க்க வேண்டும் என்பது அவள் எண்ணம்.

அம்சவேணி தன் பெயரைப் படித்தார். அதற்குக் கீழே இருந்ததைப் பார்த்தார்.

"எடு அதை."

"எதை ஆன்ட்டி?"

"குண்டூசியை எடு."

"ஏன், நல்லா இருக்கே?"

"அதைப் போட்டது என் கை இல்லை."

மதுமிதாவுக்குப் புரியவில்லை. அந்த வாடிக்கைக்காரப் பெண்ணைப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டாள்: "அப்ப நிஜமாவே மிஷினா ஆன்ட்டி?"

அம்சவேணி தானே குண்டூசியைக் கழற்றினார். அட்டையோடு ஸ்வெட்டரை மடித்து எடுத்துக்கொண்டார். வாசலில் திரும்பினார்.

"ஒரு குளிர்காலம் உட்கார்ந்திருக்கேன்மா. எல்லாத்தையும் விட்டுட்டு, பொய்யைத் தேடிப் பிடிச்சுத் தடவறே."

மதுமிதா ஏதோ சொன்னாள். அது அவர் காதில் விழவில்லை.

வகுப்பு முடிகிற நேரம். மாடியில் சலோமியும் தேவநேசனும் மட்டும் இருந்தார்கள். தேவநேசன் பின்னியதைப் பிரித்துக்கொண்டிருந்தார். அம்சவேணி வந்தார். இந்த முறை பொட்டலத்தைப் போடவில்லை. மெதுவாக வைத்தார்.

"நீங்க போடச் சொன்னீங்க."

"சொன்னேன்."

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா?"

"என் பேர் எனக்கு மிஞ்சியிருக்கும். இப்ப அவ வாங்கத் தயாரா இருக்கா, மாட்டத் தயாரா இருக்கா, நாலு பேர்கிட்ட என் பேரைச் சொல்லத் தயாரா இருக்கா. எதுக்காக? என் கை மாட்டேன்னு சொன்ன ஒண்ணுக்காக. நான் போட்ட மத்த எல்லாத்துக்கும் ஏமாத்துக்காரின்னு பேர். இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்ல போய்ச் சொல்ல?"

"உட்காருங்க அக்கா."

"உட்காரலை."

சலோமி ஸ்வெட்டரை விரித்தார். மூன்றாவது பொத்தானுக்குப் பக்கத்தில் கையை வைத்தார்.

"இதுவா?"

"அதுதான்."

"ரொம்ப யோசிச்சுப் போட்டிருக்கீங்க."

"எப்படித் தெரியும்?"

"கண்ணு போற இடத்துல இருக்கு. தப்பு இங்கெல்லாம் வராது அக்கா. கண்ணு போகாத இடத்துலதான் வரும்."

அவர் கை அங்கே நிற்கவில்லை. ஸ்வெட்டரின் இடது பக்கமாக நகர்ந்து, அக்குளுக்குப் போனது. சட்டைக்கையை மேலே தூக்கிப் பிடித்து, தையல் ஓரத்தில் ஒரு விரலை வைத்தார்.

"ரெண்டு தப்பு இருக்கு."

"ஒண்ணுதான் போட்டேன்."

"ஒண்ணு நீங்க போட்டது. இது உங்களோடது."

அம்சவேணி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக்கிய இடம். உள்நோக்கிச் சாய வேண்டியது வெளிநோக்கிச் சாய்ந்திருந்தது. வலது பாதிக்குப் போட வேண்டியதை இடது பாதியில் போட்டிருந்தார். மேலேயும் கீழேயும் மற்றவை சரியாகச் சாய்ந்திருந்தன. ஒன்று மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

அவர் அந்த வரிசையை எண்ணிப் பார்த்தார். மறுபடி எண்ணிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"கணக்கு சரியாத்தான் வந்தது" என்றார்.

"எந்தப் பக்கம் சாய்ஞ்சாலும் கணக்கு சரியா வரும்."

"என் கைக்கு இந்தத் தப்பு வராது டீச்சர். திசை மாத்தறதுல நான் தவறினதே இல்லை."

"இதைப் போடும்போது என்ன நினைச்சுக்கிட்டிருந்தீங்க?"

அம்சவேணி கண்ணாடியைக் கழற்றினார்.  

"அந்தத் தப்பை எங்க போடலாம்னு."

தேவநேசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நூலுருண்டையால் வாயை மூடிக்கொண்டார். அம்சவேணி பார்த்த பார்வையில் உருண்டையை இறக்கினார்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. நல்லதுதானே நடந்திருக்கு. நிஜத் தப்பு ஒண்ணு தானா வந்து மாட்டியிருக்கு. அந்தப் பொண்ணு கேட்டதும் ஒரு தப்பைத்தானே. இதுல பொய் இல்லையே. பொத்தான்கிட்ட இருக்கிற மருவை மட்டும் வெட்டி எடுத்துட்டு, சட்டைக்கையைத் தூக்கி இதைக் காட்டுங்க. கைப்பின்னல்தான்னு ஒத்துக்குவா. உங்க அட்டையும் காலருக்கு வந்துடும்."

அம்சவேணி சலோமியைப் பார்த்தார். சலோமி தேவநேசன் பிரித்துப்போட்ட நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

அண்ணன் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் அம்சவேணியை உட்காரவிடவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனார். திரும்பி வந்தார்.

"இது இருக்குன்னு இப்ப எனக்குத் தெரியும்" என்றார். "தெரிஞ்சு விட்டா, இதுவும் நான் போட்டதாயிடும்."

தேவநேசன் யோசித்தார்.

"அப்படியும் சொல்லலாம்" என்றார். "அந்தக் கணக்குப் பார்த்தா என் சட்டையை ஜன்னல்லேருந்து இறக்கணும்."

"பின்னும்போது உங்களுக்குத் தெரியுமா என்ன? நீங்க எண்ணவே இல்லை."

"அது வாஸ்தவம்."

அம்சவேணி சட்டைக்கையைப் பிரிக்கும் சிறிய கத்தரிக்கோலைப் பையிலிருந்து எடுத்தார். தையலின் முனையைத் தேடிப் பிடித்தார். அக்குள்வரை உருவினால் மூன்றாவது பொத்தான் வழியாகத்தான் போக வேண்டும். அந்த மேடும் போகும், இந்தச் சாய்வும் போகும். கத்தரிக்கோலை முனையில் வைத்தவர், அப்படியே நிறுத்தினார்.

"ரெண்டையும் எடுத்துட்டுப் பின்னினா பழையபடி ஆயிடும் டீச்சர்."

"ஆகும்."

"பழையபடி அவ மிஷின்னு சொல்லுவா. அவ மட்டும் இல்லை, தொட்டுப் பார்க்கிறவங்க எல்லாரும் சொல்லுவாங்க. ஜன்னல்ல அண்ணன் சட்டை தொங்கும். என் அட்டை என் பையில கிடக்கும். இது நியாயமா?"

"இல்லை."

"இல்லைன்னா, நான் அவங்களுக்கு என்ன பதில் சொல்ல?"

சலோமி சுற்றி முடித்த நூலைத் தேவநேசன் மடியில் வைத்தார். ஸ்வெட்டரின் அக்குளை அம்சவேணியின் பக்கமாகத் திருப்பிக் கொடுத்தார்.

"மிஷினும் தப்புப் பண்ணும் அக்கா" என்றார். "ஆனா அதைத் திருத்தத் திரும்பி வராது."